கடன் வாங்காமலும் கழிக்கலாம்
கடன் வாங்கிக் கழிக்கும் முறை பிடிபடாத பிள்ளைக்குக் கழித்தலே வராது என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காரைக்குடியில் ஏதாவது ஒரு பலகாரக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். 367 ரூபாய்க்குச் சீடையும் முறுக்கும் வாங்கிக்கொண்டு 500 ரூபாய்த் தாளை நீட்டினால், கடைக்காரர் மூன்று ரூபாய்ச் சில்லறையை வைத்து ‘முந்நூற்று எழுபது’ என்பார், மூன்று பத்து ரூபாய்த் தாளை வைத்து ‘நானூறு’ என்பார், ஒரு நூறை வைத்து ‘ஐந்நூறு, சரியா?’ என்பார். நம் கையில் 133 ரூபாய் வந்துவிடும், எல்லாம் கூட்டல்தான். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், 1000-இல் 387 போக மிச்சம் எவ்வளவு என்றால் சுழியத்திடம் எப்படிக் கடன் வாங்குவது என்று மகள் திணறுவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு எண்ணிலும் ஒன்றைக் குறைத்து 999-இல் 386 என்று போடச் சொல்லுங்கள். கடன் வாங்கவே வேண்டாம், 613 வந்துவிடும். அப்புறம் அந்த 613-ஐ 387-உடன் கூட்டி 1000 வருகிறதா என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுச் செலவு நோட்டில் என் அப்பத்தா இருப்பை இப்படித்தான் சரிபார்ப்பார். பள்ளியில் கடன் முறையைச் சொல்லிக்கொடுக்கட்டும், பெரிய எண்களுக்கு அது தேவைதான். ஆனால் இந்த வழிகளில் விடை கண்ட பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.