"சொன்னதைக் கேட்டிருந்தால்" என்று எழுதியவர்களுக்கு

அமெரிக்காவில் சோன்யா மாஸி என்ற கறுப்பினப் பெண்ணைப் போலீஸ் சுட்டுக் கொன்ற வீடியோவுக்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், மறுபடி விளக்கப் போவதில்லை. "போலீஸ் சொன்னதைக் கேட்டிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள்" என்று ஒருவர் எழுத, அதற்கு வரிசையில் நின்று லைக் போட்டவர்களில் பலர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள். பொறுமையாக எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பார்ப்போம்.

சோன்யா மாஸி எந்த உத்தரவை மீறினார்? 2024 ஜூலை, இல்லினாய் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டு. வீட்டைச் சுற்றி யாரோ நடமாடுவதாகப் பயந்து அவசர உதவி எண் 911ஐ அழைத்தது அவர்தான். வந்த இரண்டு டெபுடிகளையும் (ஷெரிஃப் அலுவலகப் போலீஸ்காரர்கள்) உள்ளே விட்டார். அடையாள அட்டை கேட்டார்கள், பையில் தேடினார். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நாங்கள் இருக்கும்போது தீப்பிடித்துத் தொலைக்கப் போகிறது, அதை எடு என்றது டெபுடி. எழுந்துபோய் எடுத்தார். எடுத்த பிறகு அதே பாத்திரம் ஆயுதமாகிவிட்டது! "இயேசுவின் பெயரால் உன்னைக் கடிந்துகொள்கிறேன்" என்று ஒரு வாக்கியம் சொன்னார். துப்பாக்கி வெளியே வந்தது. "சாரி" என்று சொல்லித் தலையைக் குனிந்தவரை நோக்கி அந்த டெபுடி மூன்று முறை சுட்டார், ஒரு குண்டு முகத்தில். பாத்திரத்தை எடுக்கச் சொன்னது யார், எடுத்தது யார்? 2025 அக்டோபரில் ஜூரி அந்த டெபுடியைக் குற்றவாளி என்றது. நம் ஆட்கள் மட்டும் இன்னும் செத்தவளை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கீழ்ப்படிந்தால் ஒன்றும் ஆகாது என்பவர்களுக்கு, ஒரு டிராஃபிக் ஸ்டாப், அதாவது போலீஸ் காரை ஓரங்கட்டி நிறுத்துவது, எப்படி நடக்கிறது என்பதே தெரியவில்லை. நிறுத்துவதற்கு எரியாத பின்விளக்கு போதும், லேன் மாறும்போது போடாத சிக்னல் போதும். உண்மையில் அந்த அதிகாரி தேடுவது வேறு எதுவாகவும் இருக்கலாம், காரணம் சாக்காக இருந்தாலும் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996இல் ரென் வழக்கில் சொல்லிவிட்டது. காரைவிட்டு இறங்கு என்றால் இறங்க வேண்டும், அது 1977இன் மிம்ஸ் தீர்ப்பு. டெக்சாஸில் சீட் பெல்ட் போடாததற்கு அப்போது அதிகபட்ச அபராதமே 50 டாலர். ஆனால் அதற்குக் கைவிலங்கு மாட்டி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனாலும் அரசியலமைப்புப்படி தவறில்லை, அட்வாட்டர் வழக்கு, 2001. இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். யாரை நிறுத்துவது, யாரைச் சிரித்து அனுப்புவது, யாரை இறக்கி நிற்க வைப்பது எல்லாம் அவர் இஷ்டம். நீங்கள் கீழ்ப்படிகிறீர்களா இல்லையா என்ற பேச்சு வருவதற்குள் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது.

தெரிந்துகொள்ள வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், திட்டுவதோடு நிறுத்தினேன் என்ற பேச்சு வேண்டாம். போலீஸ் காரை நிறுத்தினால், இரவென்றால் உள்விளக்கைப் போடுங்கள். இரண்டு கையும் ஸ்டியரிங் மேலே. குளோவ் பாக்ஸில் ரெஜிஸ்ட்ரேஷன் இருந்தால் கையை நீட்டும் முன் வாயால் சொல்லுங்கள், அவர் சரி என்ற பிறகு மெதுவாக எடுங்கள். "காரைக் கொஞ்சம் பார்க்கட்டுமா?" என்பது சும்மா மரியாதைக்குக் கேட்பதுபோல இருக்கும். நீங்கள் ஓகே என்றால் அதற்கப்புறம் அவருக்குச் சந்தேகமும் வேண்டாம், வாரண்டும் வேண்டாம். "சோதனைக்குச் சம்மதமில்லை" என்று குரல் உயர்த்தாமல் சொல்லுங்கள். மீறி உள்ளே கையை விட்டால் தடுக்காதீர்கள், அந்தச் சண்டை கோர்ட்டுக்கு உரியது. டிக்கெட் (அபராதச் சீட்டு) எழுதி முடிந்த பிறகு, தனிச் சந்தேகம் இல்லாமல், மோப்பநாய்க்காக உங்களை நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2015இன் ரோட்ரிகெஸ் தீர்ப்பு இருக்கிறது. நடைமுறையில் என்ன? டிக்கெட்டை மெதுவாக எழுதுவார்கள்.

இப்போது, போலீஸ் சுட்டுக் கொன்ற இன்னொரு கறுப்பர் ஃபிலாண்டோ காஸ்டிலுக்கு வாருங்கள். 2016, மினசோட்டா. பிரேக் லைட் என்று நிறுத்தினார்கள். அதற்கு முன் ரேடியோவில் அந்த அதிகாரி சொன்னது, ஓட்டுநரின் அகலமான மூக்கு ஒரு கொள்ளைச் சந்தேக நபரின் மூக்கைப்போல இருக்கிறது என்று. மூக்கு! காஸ்டில் "சார்" போட்டு, என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று தானே முன்வந்து சொன்னார். அதற்குப் பெர்மிட்டும் வைத்திருந்தார். எடுக்காதே என்றதற்கு எடுக்கவில்லை என்றும் சொன்னார். சில நொடிகளில் ஏழு குண்டு. பின்சீட்டில் நான்கு வயதுக் குழந்தை. அதிகாரி விடுதலை. இதற்கு மேல் எப்படிக் கீழ்ப்படிவது என்று யாராவது எனக்கு வகுப்பெடுங்கள்.

மெம்ஃபிஸில் 2023இல் போலீஸ் அடித்துக் கொன்ற கறுப்பர் டைரி நிக்கல்ஸுக்கு ஏறக்குறைய 13 நிமிடத்தில் குறைந்தது 71 உத்தரவுகள், நியூயார்க் டைம்ஸ் வீடியோக்களை அலசி எண்ணியது. கையைக் காட்டு என்கிறார்கள், கையைப் பிடித்துக்கொண்டிருப்பதும் அவர்களே. தரையில் கிடப்பவரைத் தரையில் படு என்கிறார்கள். "அந்த ஐந்து போலீஸும் கறுப்பர்கள்தானே, அப்புறம் எங்கே பாகுபாடு" என்று கேட்கும் அறிவாளிகளே, சீருடையின் நிறத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. அடிவாங்கினவரின் நிறத்தைக் கேளுங்கள்.

போலீஸ் பலத்தைப் பயன்படுத்தியது சரியா என்று கோர்ட் எந்த அளவுகோலால் அளக்கிறது தெரியுமா? 1989, கிரஹாம் வழக்கு. வட கரோலினாவில் ஒரு சர்க்கரை நோயாளி, சர்க்கரை இறங்குகிறது என்று ஆரஞ்சு ஜூஸ் வாங்கக் கடைக்குள் போனார்; கூட்டம் அதிகம், உடனே வெளியே ஓடி வந்தார். அவ்வளவுதான் சந்தேகம். விலங்கு மாட்டினார்கள், நண்பர் ஜூஸ் கொண்டுவந்தும் கொடுக்க விடவில்லை, கால் எலும்பு உடைந்தது. அந்த வழக்கில்தான், அந்த இடத்தில் நின்ற ஒரு நியாயமான அதிகாரியின் கண்ணால் பார்க்க வேண்டும், எல்லாம் நடந்து முடிந்த பிறகு உட்கார்ந்து யோசித்துப் பார்க்கக் கூடாது என்ற விதி வந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சில நீதிமன்றங்கள் அந்தக் கடைசி இரண்டு நொடியை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தன. சுங்கக் கட்டணப் பாக்கிக்காக நிறுத்தப்பட்ட காரில், அது நகரும்போது அதிகாரியே கதவோரம் தாவி ஏறிவிட்டு, உயிருக்கு ஆபத்து என்று சுட்டாலும் சரி என்ற நிலை. அது தவறு, முழுச் சூழலையும் பார் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது 2025 மே மாதத்தில்தான்.

"அந்த நாட்டில் எல்லார் கையிலும் துப்பாக்கி, போலீஸுக்கும் பயம் இருக்காதா?" இருக்கும். ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பயத்துக்குத்தான் பயிற்சி, சம்பளம், குண்டு துளைக்காத உடுப்பு எல்லாம். இது எதுவும் இல்லாதவர் பயந்து கையை நகர்த்தினால் அதற்குப் பெயர் எதிர்ப்பு.

"குற்றம் அதிகமான இடத்தில் சோதனையும் அதிகம்." இது புத்திசாலிகள் கேட்பது, எண்ணால் பதில் சொல்லலாம். மிசூரி மாநிலத்து ஃபெர்குசன் நகரப் போலீஸைப் பற்றி 2015இல் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் வெளியிட்ட அறிக்கை: மக்கள்தொகையில் கறுப்பர் 67 சதவீதம், கைதானவர்களில் 93. நிறுத்திய வண்டிகளில் கறுப்பரைச் சோதிப்பது இரண்டு மடங்குக்கும் மேல். தடைசெய்த பொருள் கிடைத்ததோ வெள்ளையரைவிட 26 சதவீதம் குறைவு. குற்றத்தைத் தேடிப் போயிருந்தால் அதிகம் சோதித்த இடத்தில் குறைவாகக் கிடைக்குமா?

சரி, இனி மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். "நாம் வேற, நமக்கு ஏன் இந்த வம்பு" என்று எழுதினீர்களே, அதுதான் சுட்டது. 2015 பிப்ரவரி, அலபாமாவில் மேடிசன். குஜராத்திலிருந்து பேரனைப் பார்த்துக்கொள்ள வந்த 57 வயதுத் தாத்தா, காலையில் மகன் வீட்டுத் தெருவில் நடந்துகொண்டிருந்தார். நம் அப்பாக்கள் ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு கையைப் பின்னால் கட்டி நடப்பார்களே, அதே நடை. ஒல்லியான கறுப்பர் ஒருவர் கராஜ் பக்கம் சுற்றுகிறார் என்று யாரோ போலீஸுக்குப் போன் செய்தார்கள். நாம் வேற என்பது போன் செய்தவருக்குத் தெரியவில்லை பாருங்கள். தாத்தா "நோ இங்கிலீஷ்" என்றார், மகன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். கையைப் பிடித்திருந்த அதிகாரி காலை வாரித் தலைகுப்புறத் தள்ளினார். கழுத்தெலும்பில் அறுவைச் சிகிச்சை, உடம்பு ஓரளவு செயலிழந்தது. இரண்டு முறை விசாரணை நடந்தும் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை, 2016இல் நீதிபதி அந்த அதிகாரியை விடுவித்தார்.

விசாரணையில் அதிகாரியின் வக்கீல் சொன்ன வாதம்: இந்த நாட்டுக்கு வந்தால் எங்கள் சட்டத்தைப் பின்பற்ற வேண்டும், எங்கள் மொழியைப் பேச வேண்டும், நடந்ததில் அந்தப் பெரியவருக்கும் சம பொறுப்பு உண்டு. இதையே நாளைக்குத் தமிழில் எழுத ஒருவர் வருவார். வரட்டும், பிளாக் பட்டன் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.