நாலு அச்சு, ரெண்டுக்குத்தான் ரெசின்

ஆரி எம்பிராய்டரி ஸ்டாண்டுல பாதிக் கழுத்து வேலையோட ஒரு பிளவுஸ் துணி தொய்ஞ்சு கிடக்கு. கட்டிலடியில அடி மட்டும் போட்ட வயர் கூடை. குரோஷா ஸ்வெட்டருக்கு நூல் பத்தல. அதே நீலம்னு இன்னொரு கண்டு வாங்கினா சாயம் போட்ட லாட் நம்பர் வேற, நெஞ்சுக்குக் குறுக்கே பட்டையாத் தெரியும். இந்த லட்சணத்துல இருக்கற வீட்டுக்குள்ளதான் அந்த முப்பது செகண்ட் வீடியோ வந்து உக்காருது. "கலக்குங்க, ஊத்துங்க, எடுங்க. ரெசின் கோஸ்டர் ரெடி!" அதாவது, ஊத்தி இறுக வைக்கற பிசின்ல செஞ்ச, டம்ளருக்கு அடியில வைக்கற தட்டு.

ஊத்துங்களாம். என்ன, ரசமா?

அந்த 'பிகினர் கிட்'டைப் பிரிங்க. 100 மில்லி ரெசின், அதை இறுக வைக்க 50 மில்லி ஹார்டனர், நாலு கோஸ்டர் அச்சு, ஒரு சிட்டிகை மினுக்குத்தூள், ஐஸ் குச்சி. அச்சு 10 செ.மீ. வட்டம், 8 மி.மீ. ஆழம். கணக்குப் போட்டா ஒண்ணுக்கு 63 மில்லி. மொத்தம் இருக்கறது 150. கப்புல ஒட்டினது போக ரெண்டு கோஸ்டர். அப்போ மீதி ரெண்டு அச்சு எதுக்கு? இட்லி ஊத்தவா?

பாட்டில்ல '2:1'னு மட்டும் போட்டிருக்கும். மில்லி அளவிலயா, எடையிலயா? வாய் திறக்க மாட்டாங்க. வீடியோவுல அந்தம்மா தராசுல வைக்கிறாங்க, நாமளும் வைக்கிறோம். ஹார்டனர் ரெசினை விட லேசு. அளவுல 2:1 கலக்கவேண்டியதை எடையில கலக்கினா ஹார்டனர் கூடிப்போகும். மறுநாள் பார்த்தா கோஸ்டர் கையோட ஈஷிக்கிட்டு வரும், இல்லன்னா தோசை மாதிரி வளையும்.

விகிதம் சரியா வந்துடுச்சா? இப்போ கலக்கணும். மூணு நாலு நிமிஷம், மெதுவா, கப்போட ஓரத்தையும் அடியையும் வழிச்சு வழிச்சு. வேகமாக் கலக்கினா குமிழி. ஓரத்தை விட்டுட்டா அங்கங்க பிசுக்கு. "கலக்குங்க"ங்கற ஒரு வார்த்தைக்குள்ள இவ்வளவும் இருக்கு, தாயே. வெயில் நாள்ல கப்புல அப்படியே வச்சுட்டு போனை எடுக்கப் போனா, ரெசின் தானாச் சூடேறி கப்பு நெளிஞ்சு புகையே வரும். மழை நாள்ல காத்து ஈரத்துக்கு மேல பால்படலம் கட்டும். ரெண்டும் இல்லாத நாள் சென்னையில எதுன்னு பஞ்சாங்கம்தான் பார்க்கணும்.

வீடியோவுல ரோஜா இதழைப் பறிச்சு அப்படியே போடறாங்க பாருங்க, அங்கதான் பத்திக்கிட்டு வருது. ஈரத்தோட போட்ட இதழ் கறுத்துக் கலங்கிடும். கனமான புத்தகத்துக்குள்ள ரெண்டு மூணு வாரம் அழுத்தி வச்சு, மொறமொறன்னு காஞ்சப்புறம்தான் போடணும். முப்பது செகண்டுக்குள்ள அந்த மூணு வாரம் எங்க போச்சு?

கிட்டுல வர்ற கையுறையைப் பத்திப் பேசாம இருக்கறதே மேல். பரோட்டாக் கடைப் பாலிதீன். வேண்டியது நைட்ரைல் ரப்பர் கையுறை, தெறந்த ஜன்னல், ரசாயன ஆவிக்கான மாஸ்க். வீடியோக்காரங்க வெறுங்கையில வளையல் குலுங்கக் குலுங்க ஊத்தறாங்க.

சரி, 24 மணி நேரம் கழிச்சு அச்சுல இருந்து எடுத்து, முழுசா இறுக 72 மணி நேரம் விட்டு, மேஜையில வச்சாச்சு. அது மேல சுடச்சுட டீ டம்ளரை வைங்க. சாதா ரெசின் 50, 60 டிகிரியிலயே இளகும். டம்ளர் அடி வட்டமாப் பதிஞ்சிடும். டம்ளர் வைக்கறதுக்குன்னே செஞ்ச சாமான்ல டம்ளர் வைக்கக்கூடாது! சிரிக்காம என்ன பண்றது?

சிரிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த வீடியோ, துணியில குத்திக் குத்தி நூல் வளையம் போடற பஞ்ச் நீடில். ஊசி கொஞ்சம் அழகாத்தான் இருக்கு.

இதெல்லாம் கூடப் பரவாயில்ல. அந்த ஆரி பிளவுஸை முடிச்சே குடுத்தாலும், தையலுக்கு விட்ட அரை இஞ்சைத் தாண்டி மணி மேலயே மெஷினை ஓட்டி ஊசியை உடைச்சு, அந்த ஊசிக்கும் நம்மகிட்டயே காசு கேக்கற டெய்லரை என்ன பண்றது? கேட்டா "வெள்ளிக்கிழமை வாங்கம்மா". எந்த வெள்ளிங்க?