‘படிப்பதில் 10 சதவீதம், செய்வதில் 90 சதவீதம்’: டேல் சொல்லாத கணக்கு

மெய்நிகர் காட்சி (VR) கண்ணாடிகளையும் கணினி விளையாட்டுகளையும் வகுப்பறைக்குப் பரிந்துரைக்கும் பதிவுகளில், படிப்பதில் 10, கேட்பதில் 20, பார்ப்பதில் 30, செய்வதில் 90 சதவீதம் நினைவில் நிற்கும் என்று காட்டும் கூம்புப் படம் ஒன்று, அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேலின் ஆய்வு முடிவாகப் பகிரப்படுகிறது. இது தவறு.

டேல் 1946-இல் வெளியிட்ட நூலில் ‘அனுபவக் கூம்பு’ இருப்பது உண்மையே. ஆனால் அதில் ஓர் எண்கூட இல்லை. நேரடி அனுபவத்தில் தொடங்கி, களப்பயணம், திரைப்படம், வானொலி எனச் சென்று, சொற்களில் முடியும் வரை அனுபவங்கள் எவ்வாறு படிப்படியாக அருவமாகின்றன என்பதை மட்டுமே அவர் வரைந்து காட்டினார். சதவீதங்கள் பின்னாளில் பிறர் ஒட்டியவை. எல்லாம் முழுப் பத்துகளாகவே அமைந்த அந்த எண்களே ஐயத்தை எழுப்பியிருக்க வேண்டும்: யார், எதை, எவ்வளவு காலத்துக்குப் பின் நினைவுகூர்கிறார் என்பதைச் சொல்லாமல் நினைவை அளக்கவே முடியாது.

காணொளியும் விளையாட்டும் பயனற்றவை என்பது இதன் பொருளன்று. கற்றலைத் தீர்மானிப்பது ஊடகம் அன்று, அதன் வழியே கையாளப்படும் கற்பித்தல் முறையே என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983-இலேயே வாதிட்டார். அக்கருத்தை மறுத்தவர்களும் உண்டு. ‘வெறும் 10 சதவீதம்’ என்று தள்ளப்படும் வாசிப்பில் எவ்வளவு நினைவில் நிற்கும் என்பதோ, படித்தபின் என்ன செய்கிறோம் என்பதையும் பொறுத்தது என்பதற்குச் சான்று இருக்கிறது: உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைப் படித்தபின் அதைப் பாராமல் நினைவுகூர்ந்து எழுதிய மாணவர்கள், அதையே திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தனர்.