டோக்கனுக்குள் இருப்பதைப் படிக்க முடியும்

ஏஐ தயாரித்த டாஷ்போர்டை வெப் ஆப்பில் பொருத்தும்போது, கையெழுத்திட்ட ஜேடபிள்யூடி (JWT) டோக்கனுக்குள், அதாவது யார் எதைப் பார்க்கலாம் என்று சர்வர் தரும் அனுமதிச் சீட்டுக்குள், இருப்பதை யாரும் படிக்க முடியாது, அதனால் லாப விகிதத்தையும் அதிலேயே அனுப்பலாம் என்று மேலே ஒரு கருத்து இருக்கிறது. பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். சொன்ன அண்ணன் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது சரியல்ல.

2015இல் வந்த ஆர்எஃப்சி 7519 என்ற இணையத் தர ஆவணம்தான் இதற்கான வரையறை. வழக்கமாக நாம் பயன்படுத்துவது கையெழுத்து மட்டும் உள்ள வகை. கிரயப் பத்திரம் மாதிரி: திருத்தினால் செல்லாது, படிக்க எந்தத் தடையும் இல்லை. உள்ளே இருப்பதையே படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்த வகையும் உண்டு, ஆனால் அது தனி.

நீங்களே பார்த்துவிடலாம். கொழிஞ்சாம்பாறையில் ஒரு பால் சேகரிப்பு மையத்துக்குச் செய்த பக்கத்தில் நான் இப்படித்தான் பார்த்தேன். பிரவுசரில் எஃப்12 அழுத்தி, ஐஃப்ரேமின் (பக்கத்துக்குள் டாஷ்போர்டைக் காட்டும் சட்டகத்தின்) முகவரியிலிருந்து டோக்கனை எடுங்கள். இரண்டு புள்ளிகள், மூன்று துண்டுகள் என்றால் கையெழுத்து வகை. ஐந்து துண்டுகள் என்றால் மறையாக்க வகை. மூன்றில் நடுத் துண்டை பேஸ்64யூஆர்எல் (base64url) என்ற எழுத்து முறையிலிருந்து சாதாரண எழுத்தாக மாற்றுங்கள். கடவுச்சொல் எதுவும் கேட்காது. லாப விகிதத்தை 'வாளையார்', 'சித்தூர்' என்று கிளை வாரியாக அப்படியே வாசித்தேன். (மாற்றுவதற்கு பிரவுசர் கன்சோலில் atob கட்டளையைப் போட்டால் தமிழ் எழுத்து கிறுக்கலாக வரும், பயப்பட வேண்டாம்.) அப்புறம், உண்மையான டோக்கனை ஏதாவது இணையதளத்தில் ஒட்டிப் பார்க்காதீர்கள், உங்கள் பிரவுசரிலேயே பாருங்கள்.

எந்தக் கிளை என்ற அடையாள எண் டோக்கனில் இருந்தால் போதும். லாப விகிதம் சர்வரிலேயே இருக்கட்டும்.