அந்த மேற்கோள் அசிசியாருடையது அல்ல

“எப்போதும் நற்செய்தியை அறிவியுங்கள், தேவைப்பட்டால் மட்டும் வார்த்தைகளைப் பயன்படுத்துங்கள்” என்று அசிசி புனித பிரான்சிஸ் சொன்னதாகவும், அதனால் கிறிஸ்தவன் வாயைத் திறக்காமல் வாழ்ந்து காட்டினாலே போதும் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். மன்னிக்கணும், பிரான்சிஸ் எழுதியதாக நமக்குக் கிடைத்திருக்கும் எதிலும் இந்த வரி கிடையாது. காலண்டரிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றுவதுதான்.

இதற்குக் கிட்டத்தட்ட வருவது அவர் தொடங்கிய துறவற சபைக்கு 1221ஆம் ஆண்டு எழுதிய ஒழுங்கில் இருக்கிறது: சகோதரர்கள் எல்லோரும் தங்கள் செயல்களால் போதிக்க வேண்டும். “மட்டும்” எல்லாம் அங்கே இல்லை. முஸ்லிம்களிடையே போகிறவர்களுக்கும் அதில் இரண்டு வழி சொல்கிறார்: சண்டை வாக்குவாதம் இல்லாமல் எல்லோருக்கும் பணிந்து இருங்கள், ஆனால் கிறிஸ்தவர்கள் என்பதை மறைக்காதீர்கள், இது ஒன்று, கடவுளுக்குச் சித்தம் என்று தெரிந்தால் வாய் திறந்து அறிவியுங்கள், இது இன்னொன்று.

சரி, அந்த மனுஷன் சும்மா இருந்தவரா? சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்த 1219இல் எகிப்துக்குப் போய் சுல்தான் அல்-காமிலிடம் நேரில் பேசியவர். 1223 கிறிஸ்துமஸுக்கு இத்தாலியில் கிரேச்சோ ஊரில் வைக்கோல், மாடு, கழுதை எல்லாம் வைத்துக் குடில் அமைத்தவர், அங்கேயே நின்று பிரசங்கமும் செய்தார். “பெத்லகேம்” என்று சொல்லும்போது ஆட்டுக்குட்டி கத்துவதுபோல இழுத்துச் சொன்னாராம், அவர் காலத்திலேயே வாழ்ந்த செலானோ தோமா எழுதியிருக்கிறார். (இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.)

வாழ்ந்து காட்டுவது முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. தொழுநோயாளிகளோடு இருந்து பணிவிடை செய்தவரும் அவர்தான். பேசக் கூச்சமாக இருந்தால் அது நம்ம கூச்சம், அதற்கு அவரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.