சத்தம் பழகிவிட்டால் தூக்கம் கெடாதா?

'ரோட்டோரத்தில் ஒரு மாதம் படுத்தால் சத்தம் பழகிவிடும், தூக்கம் கெடாது; கெடுகிறது என்பவர்களுக்கு மனப்பிரமை' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பாதிதான் சரி. நாளடைவில் விழிப்பு வருவது குறையும். ஆனால் லாரி ஹாரனுக்குத் தூக்கத்திலேயே இதயத்துடிப்பு எகிறுவது அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. காலையில் அது நினைவிலும் இருக்காது.

சத்தம் தாங்காத இயல்பும் கற்பனை அல்ல. பின்லாந்தில் இரட்டையர்களை ஆராய்ந்தபோது, அதில் மரபணுவுக்கும் பங்கு இருப்பது தெரிந்தது. அப்புறம், தூங்கும்போது மூளையில் எழும் 'ஸ்பிண்டில்' அலைகள் அதிகம் உள்ளவர்கள் சத்தத்திலும் எளிதில் விழிப்பதில்லை என்று 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது. வீட்டுக் கும்பகர்ணனுக்கு அந்தக் கொடுப்பினை இருக்கலாம்! சாலைச் சத்தத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பாவுக்குப் பரிந்துரைத்த இரவு வரம்பு 45 டெசிபல்; சத்தம் தாங்குபவர், தாங்காதவர் என்று பிரிக்காமல் சொன்னது அது.