இறைச்சி இல்லாமல் தசை வளராதா? வட்ஸ்அப் தகவல் பிழையானது

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது: "இறைச்சி, முட்டை, பால் இல்லாமல் தசை வளராது, சோயாமீற் சாப்பிட்டால் ஆண்மை குறையும்." இரண்டுமே பிழை.

தசைக்குத் தேவை புரதமும் பயிற்சியும். 100 கிராம் காய்ந்த பயறில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது, கச்சானில் 25. கௌபியும் உழுந்தும் கிட்டத்தட்ட அப்படித்தான். எல்லாம் வன்னி மண்ணில் விளைபவை. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் இணையத் தரவுத்தளத்தில் யாரும் இதைச் சரிபார்க்கலாம். முழுத் தாவர உணவுக்காரரான ஸ்கொட் ஜூரெக், 161 கிலோமீற்றர் மலை ஓட்டமொன்றை 1999 முதல் 2005 வரை தொடர்ந்து 7 தடவை வென்றவர். சோயா பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வந்த கட்டுரையும், சோயா ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டெரோனைக் குறைப்பதில்லை என்றே சொல்கிறது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பி12 விற்றமின் தாவர உணவில் கிடைக்காது. பாலையும் விட்டவர்கள் வைத்தியரிடம் கேட்டு மாத்திரை எடுக்கத்தான் வேண்டும்.

போன கிழமை மைதானத்தில் ஒரு அம்மா இதே தகவலைக் காட்டி, "எங்கட வீடு சைவம், பிள்ளையை ஓட்டத்தை விடச் சொல்லட்டோ?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மகனின் கையில் ஒரு சுருள் அவித்த கச்சான். அந்தப் பிள்ளைக்காகவாவது அந்த வட்ஸ்அப் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.